எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி: மனப்பாடம் இல்லாமல் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

செல் செலவழிக்கிற ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி தயாரிப்பதில்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிளஸ் டூவோடு நீட்டுக்கும் படிக்கிற பிள்ளைகளிடம் கேட்டால், "எலக்ட்ரான் ஒவ்வொரு காம்ப்ளெக்ஸாகத் தாண்டும்போது ஒவ்வொரு ஏடிபி வரும் சார், மொத்தம் 38" என்று ஒப்பிப்பவர்கள்தான் அதிகம். அந்த 38-ஐ மனப்பாடம் செய்தவர்களுக்கு, சயனைடு ஏன் ஆளைக் கொல்கிறது என்று கேட்டால் பதில் வராது. சங்கிலி, அதாவது எலக்ட்ரானைக் கைமாற்றும் காம்ப்ளெக்ஸ் என்கிற புரதத் தொகுதிகளின் வரிசை, செய்கிற வேலை வேறு, ஏடிபி உண்டாகிற வேலை வேறு, இரண்டையும் இணைப்பது நடுவில் இருக்கிற ஒரு சவ்வு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து நிற்கும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள், படம் போடாமல் இதைப் படிப்பது வீண்.

முதல் படி: இடத்தை வரைந்துகொள்ளுங்கள்

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில் பெரிய துளைகள் உண்டு, சிறிய மூலக்கூறுகள் சாதாரணமாகப் போய்வரும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கதை முழுக்க உட்சவ்வில்தான். அது மடிப்பு மடிப்பாக உள்ளே நீண்டிருக்கும், அந்த மடிப்புகள்தான் கிரிஸ்டே. உட்சவ்வுக்கு உள்ளே இருப்பது மேட்ரிக்ஸ், இரண்டு சவ்வுக்கும் நடுவே இருப்பது சவ்விடைவெளி. உட்சவ்வின் முக்கியமான குணம், புரோட்டானைத் தன் போக்கில் கடக்க விடாது என்பது. புரோட்டான் என்றால் இங்கே ஹைட்ரஜன் அயனி. எவ்வளவோ சின்னதாக இருந்தும் அதற்கு வழி கிடையாது. இந்த வரியைச் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது

காலையில் வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டீர்கள் என்று வையுங்கள். பச்சரிசியில் இருக்கிற மாவுச்சத்து குளுக்கோஸாகி, ரத்தம் வழியாகச் செல்லுக்குப் போகிறது. செல்லுக்குள் இருக்கிற திரவமான சைட்டோசாலில் குளுக்கோஸைப் பைருவேட்டாக உடைக்கும் கிளைக்காலிசிஸ், அப்புறம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பைருவேட் உடைந்து அசிட்டைல் கோஏ ஆவது, அப்புறம் கிரப்ஸ் சுழற்சி. இவற்றின் ஒவ்வொரு வினையையும் இங்கே விளக்கப் போவதில்லை, அது தனிப் பாடம். கணக்கு மட்டும் பாருங்கள். ஒரு குளுக்கோஸுக்கு, எலக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறுகளாக 10 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2, நேரடியாக 4 ஏடிபி. கிரப்ஸ் சுழற்சி முடிகிற நேரத்தில் குளுக்கோஸின் ஆறு கார்பனும் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிட்டது. ஆனால் கையில் இருப்பது வெறும் 4 ஏடிபி. மிச்ச ஆற்றல் எங்கே? அந்த 12 மூலக்கூறுகளில் ஏறியிருக்கிற எலக்ட்ரான்களில். பணியாரம் வெந்த எண்ணெயும் வீண் போகாது, கொழுப்பு அமிலங்கள் உடையும்போதும் இதே என்ஏடிஎச்சும் எஃப்ஏடிஎச்2-உம்தான் கிடைக்கின்றன. எதைச் சாப்பிட்டாலும் கடைசியில் வந்து சேரும் வாசல் ஒன்றுதான்.

ஏடிபியைப் பற்றி ஒரு தகவல், பாடத்துக்கு வெளியே. 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் இதைக் கண்டறிந்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து தனியாகக் கண்டறிந்தவர் எல்லப்ரகட சுப்பாராவ், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

மூன்றாம் படி: வோல்ட்டைப் பாருங்கள், பெயர்களைப் பிறகு பார்க்கலாம்

காரைக்குடிக்காரர்களுக்கு சிக்ரி தெரியாமல் இருக்காது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அங்கே பேட்டரிக்கும் உலோக அரிப்புக்கும் அடிப்படையாக எதைப் படிக்கிறார்களோ அதுதான் நம் செல்லிலும் நடக்கிறது. ஒரு பொருள் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கிறது, இன்னொன்று வாங்கிக்கொள்கிறது. யார் கொடுப்பார், யார் வாங்குவார் என்பதைத் தீர்மானிப்பது ஒடுக்க மின்னழுத்தம். வேதியியல் புத்தகத்தில் மின்வேதியியல் பாடம் படித்திருப்பீர்கள், அதை உயிரியலுக்குத் தொடர்பில்லாத விஷயமாக ஒதுக்கி வைத்திருந்தால் இப்போது வெளியே எடுங்கள்.

என்ஏடிஎச்சுக்கு இந்த மதிப்பு மைனஸ் 0.32 வோல்ட். ஆக்சிஜனுக்குப் பிளஸ் 0.82 வோல்ட். வித்தியாசம் 1.14 வோல்ட். இரண்டு எலக்ட்ரான் இந்த வித்தியாசத்தில் இறங்கினால் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 220 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படும். ஒரு மோல் ஏடிபி உண்டாக்க, திட்ட நிலையில், 30.5 கிலோஜூல் போதும். என்ஏடிஎச்சும் ஆக்சிஜனும் நேருக்கு நேர் வினைபுரிந்தால் 220 கிலோஜூலும் வெப்பமாகப் போய்விடும், செல்லுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. அதனால்தான் நடுவில் இத்தனை இடைநிலைகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் அதிக ஆவலோடு எலக்ட்ரானை இழுக்கும். வரிசையை மறந்துபோனாலும் பரவாயில்லை, மின்னழுத்தம் ஏறுகிற வரிசைதான் சங்கிலியின் வரிசை என்பதை மறக்காதீர்கள்.

நான்காம் படி: காம்ப்ளெக்ஸ்கள் ஒவ்வொன்றாக

காம்ப்ளெக்ஸ் 1. இருப்பதிலேயே பெரியது, பாலூட்டிகளில் 45 புரதத் துண்டுகள் சேர்ந்தது. எல் எழுத்து வடிவம், ஒரு கை சவ்வுக்குள், இன்னொரு கை மேட்ரிக்ஸுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். என்ஏடிஎச் இரண்டு எலக்ட்ரானையும் எஃப்எம்என் என்ற துணைப் பொருளிடம் கொடுக்கிறது, அங்கிருந்து இரும்பு-கந்தகத் தொகுதிகள் வழியாக நகர்ந்து யூபிகுயினோனுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தப் பயணத்தில் வெளிப்படும் ஆற்றலை வைத்து 4 புரோட்டான்களை மேட்ரிக்ஸிலிருந்து சவ்விடைவெளிக்குத் தள்ளுகிறது.

காம்ப்ளெக்ஸ் 2. இது புதிதல்ல, கிரப்ஸ் சுழற்சியில் வந்த சக்சினேட் டீஹைட்ரஜனேஸ்தான். பல படங்களில் எஃப்ஏடிஎச்2 எங்கிருந்தோ மிதந்து வந்து இங்கே எலக்ட்ரானை இறக்கிவைப்பதாகப் போட்டிருப்பார்கள். அப்படி இல்லை, எஃப்ஏடி அந்த நொதியோடேயே பிணைந்திருக்கிறது, எங்கும் போவதில்லை. காம்ப்ளெக்ஸ் 2 புரோட்டானைத் தள்ளாது, ஒன்றுகூட.

யூபிகுயினோன், சுருக்கமாக க்யூ. இது புரதம் இல்லை, கொழுப்பில் கரைகிற சின்ன மூலக்கூறு, சவ்வுக்குள்ளேயே நகரும். மனிதர்களில் இதன் வாலில் 10 ஐசோப்ரீன் அலகுகள் உண்டு, அதனால்தான் மெடிக்கல் ஷாப்பில் கோஎன்சைம் க்யூ10 என்று மாத்திரை விற்கிறார்கள். நம் உடல் இதைத் தானே தயாரித்துக்கொள்கிறது என்பதையும் டப்பாவில் எழுதினால் நன்றாக இருக்கும்.

காம்ப்ளெக்ஸ் 3-இல்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பிரச்சினை இதுதான்: க்யூ ஒரே நேரத்தில் இரண்டு எலக்ட்ரான் கொண்டுவருகிறது, அடுத்து வாங்கப் போகிற சைட்டோகுரோம் சி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வாங்கும். அதனால் எலக்ட்ரான்கள் இரண்டு பாதையில் பிரிகின்றன. ஒன்று இரும்பு-கந்தகத் தொகுதி, சைட்டோகுரோம் சி1 வழியாகச் சைட்டோகுரோம் சிக்குப் போகிறது. மற்றொன்று சைட்டோகுரோம் பி வழியாகச் சவ்வின் மறுபக்கம் போய், அங்கே காத்திருக்கிற இன்னொரு க்யூ மேல் ஏறுகிறது. இது இரண்டு முறை நடந்தால் அந்த இரண்டாவது க்யூவுக்கு இரண்டு எலக்ட்ரான் கிடைத்துவிடும், மேட்ரிக்ஸிலிருந்து இரண்டு புரோட்டானையும் எடுத்துக்கொண்டு முழுதாக ஒடுக்கமடைந்து மறுபடி வேலைக்கு வந்துவிடும். இதற்குப் பெயர் க்யூ சுழற்சி. நிகரக் கணக்கு: இரண்டு எலக்ட்ரான் கடந்தால் சவ்விடைவெளியில் 4 புரோட்டான் விடப்படுகிறது. ஒருமுறை படித்துப் புரியவில்லை என்றால் கவலை வேண்டாம், இரண்டு முறையும் தனித்தனியாகப் படம் போட்டு எலக்ட்ரான்களை அம்புக்குறியால் நகர்த்திப் பாருங்கள், வந்துவிடும்.

சைட்டோகுரோம் சி, உட்சவ்வின் வெளிமுகத்தில் உலாவும் சிறிய புரதம். எலக்ட்ரானை காம்ப்ளெக்ஸ் 4-க்குக் கொண்டுபோவது இதன் தினசரி வேலை. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவை விட்டுச் சைட்டோசாலுக்குள் கசிந்துவிட்டால் அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தொடங்கும். ஒரே புரதத்துக்கு இப்படி இரண்டு முகம்.

காம்ப்ளெக்ஸ் 4. நீங்கள் மூச்சில் இழுக்கிற ஆக்சிஜனில் மிகப் பெரும் பங்கு செலவாகிற இடம் இதுதான். செம்பும் ஹீம் இரும்பும் இங்கே இருக்கின்றன. நான்கு எலக்ட்ரான், நான்கு புரோட்டான், ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு சேர்ந்து இரண்டு தண்ணீர் மூலக்கூறு. ஆக்சிஜன் பாதி ஒடுக்கத்தில் வெளியே தப்பினால் சூப்பர் ஆக்சைடு போன்ற ஆபத்தான பொருளாகிவிடும், அதனால் நான்கு எலக்ட்ரானும் சேர்கிற வரை இந்த நொதி ஆக்சிஜனைப் பிடித்த பிடியை விடாது. இரண்டு எலக்ட்ரானுக்கு 2 புரோட்டான் வெளியே தள்ளப்படுகிறது.

கூட்டிப் பாருங்கள். என்ஏடிஎச் வழியாக வந்தால் 4, 4, 2, ஆக 10 புரோட்டான். எஃப்ஏடிஎச்2 வழியாக வந்தால் காம்ப்ளெக்ஸ் 1-இன் 4 கிடையாது, ஆக 6. சங்கிலியின் வேலை இத்துடன் முடிந்தது. இதுவரை ஏடிபி ஒன்றுகூட உண்டாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஐந்தாம் படி: கண்மாயும் மடையும்

நம் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கரைக்கு ஒருபக்கம் தண்ணீர் உயர நிற்கிறது, மறுபக்கம் வயல் தாழ்ந்து கிடக்கிறது. தண்ணீருக்கு இறங்கத்தான் ஆசை, கரை விடுவதில்லை, மடை வழியாக மட்டும்தான் போக முடியும். உட்சவ்வுதான் கரை. சவ்விடைவெளியில் சேர்ந்த புரோட்டான்கள்தான் நிற்கிற தண்ணீர். ஏடிபி சிந்தேஸ்தான் மடை. ஒரே வித்தியாசம், கண்மாயை மழை நிரப்புகிறது, இங்கே காம்ப்ளெக்ஸ்கள் 1, 3, 4 மூன்றும் இடைவிடாமல் இறைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதைச் சொன்னவர் பீட்டர் மிட்செல், 1961-இல். அதற்கு முன்பு எல்லோரும், எலக்ட்ரானின் ஆற்றலை ஏடிபிக்குக் கொண்டுபோகிற ஒரு வேதிப்பொருள் நடுவில் இருந்தாக வேண்டும் என்று வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு பொருளே இல்லை, சவ்வின் இருபக்கமும் இருக்கிற புரோட்டான் வித்தியாசம்தான் அந்த ஆற்றல் என்று மிட்செல் சொன்னபோது நம்பியவர்கள் சொற்பம். அவர் எடின்பரோ பல்கலைக்கழக வேலையை விட்டு, இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு பழைய மாளிகையைப் பழுதுபார்த்து, அதையே ஆய்வுக்கூடமாக்கி ஜெனிஃபர் மாய்லுடன் சோதனைகளைத் தொடர்ந்தார். செட்டிநாட்டில் பூட்டிக்கிடக்கிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆள் நினைவு வராமல் இருப்பதில்லை. 1978-இல் வேதியியல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே கிடைத்தது.

எப்படி நிரூபித்தார்கள் என்பதுதான் சுவை. 1966-இல் ஆண்ட்ரே ஜேகன்டார்ஃப் குழு, தாவரப் பசுங்கணிகத்தின் தைலகாய்டு சவ்வுகளை இருட்டில் அமிலக் கரைசலில் ஊறவைத்து, சட்டென்று காரக் கரைசலுக்கு மாற்றியது. ஒளியே இல்லாமல் ஏடிபி உண்டானது, உள்ளும் புறமும் இருந்த பிஎச் வித்தியாசத்தால் மட்டுமே. 1974-இல் எஃப்ரைம் ராக்கரும் வால்தர் ஸ்டோக்கனியஸும் இன்னும் துணிச்சலாக, ஒளிபட்டால் புரோட்டானைத் தள்ளும் ஒரு நுண்ணுயிரிப் புரதத்தையும் மாட்டு இதயத்தின் ஏடிபி சிந்தேஸையும் செயற்கைக் கொழுப்புக் குமிழியில் ஒன்றாகப் பதித்தார்கள். ஒளி பட்டதும் ஏடிபி வந்தது. எலக்ட்ரான் சங்கிலியே அதில் கிடையாது! இரண்டுக்கும் நடுவில் புரோட்டானைத் தவிர வேறு தொடர்பு இல்லை.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது? சவ்வின் குறுக்கே சுமார் 150 முதல் 180 மில்லிவோல்ட், கூடவே பிஎச்சில் அரை அலகுக்குச் சற்று மேல். மில்லிவோல்ட்தானே என்று நினைக்காதீர்கள், சவ்வின் தடிமன் ஏறத்தாழ 6 நானோமீட்டர்தான். மீட்டர் கணக்குக்கு மாற்றினால் 3 கோடி வோல்ட்டை நெருங்கும்.

ஆறாம் படி: மடையில் என்ன நடக்கிறது

ஏடிபி சிந்தேஸுக்கு இரண்டு பகுதி. சவ்வுக்குள் பதிந்திருப்பது எஃப்ஓ, மேட்ரிக்ஸில் துருத்திக்கொண்டிருப்பது எஃப்1. எஃப்ஓவில் சி வளையம் என்று ஒன்று, நம்மைப் போன்ற முதுகெலும்பிகளில் 8 துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டும் ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மேட்ரிக்ஸ் பக்கம் விடுகிறது. புரோட்டான் இறங்க இறங்க வளையம் சுழல்கிறது, நிஜமாகவே சுழல்கிறது, பேச்சுக்குச் சொல்லவில்லை. வளையத்தோடு ஒட்டிய காமா தண்டும் சேர்ந்து திரும்பி, மேலே எஃப்1-இல் இருக்கிற மூன்று வினை இடங்களின் வடிவத்தை மாறி மாறி மாற்றுகிறது. ஏடிபிக்கு (ATP) முந்தைய மூலக்கூறையும் (ADP) தமிழில் ஏடிபி என்றே எழுத வேண்டியிருப்பதால் குழம்பிவிடும், எனவே இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு பாஸ்பேட் உள்ள மூலக்கூறும் தனிப் பாஸ்பேட்டும் தளர்வான இடத்தில் நுழைகின்றன, அந்த இடம் இறுகும்போது இணைகின்றன, திறக்கும்போது ஏடிபியாக வெளியேறுகின்றன.

இதில் பால் போயர் கண்ட நுட்பம் ஒன்று உண்டு. இறுகிய இடத்தில் ஏடிபி உண்டாவதற்குப் பெரிதாக ஆற்றல் தேவையில்லை. உண்டான ஏடிபியை அந்த இறுக்கமான பிடியிலிருந்து விடுவிக்கத்தான் ஆற்றல் தேவை, சுழற்சி அதற்குத்தான். ஜான் வாக்கர் இதன் படிக அமைப்பைக் கண்டறிந்து உறுதிசெய்ய, இருவரும் 1997 வேதியியல் நோபலில் பங்கு பெற்றார்கள். அதே வருடம் ஜப்பானியக் குழு ஒன்று எஃப்1-ஐக் கண்ணாடியில் ஒட்டவைத்து, தண்டில் ஒளிரும் ஆக்டின் இழையை மாட்டி, ஏடிபி ஊற்றிப் பின்னோக்கி ஓடவிட்டு, இழை சுற்றுவதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தது.

ஏழாம் படி: கணக்கு

ஒரு முழுச் சுற்றுக்கு 8 புரோட்டான், 3 ஏடிபி. ஒரு ஏடிபிக்கு 2.7. பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவரவும் ஏடிபியை வெளியே அனுப்பவும் இன்னொரு புரோட்டான் செலவு. ஆக ஏறத்தாழ 4. என்ஏடிஎச்சுக்கு 10 வகுத்தல் 4, அதாவது 2.5. எஃப்ஏடிஎச்2-க்கு 6 வகுத்தல் 4, அதாவது 1.5. மொத்தம் 25, 3, நேரடி 4, கூட்டினால் 32. கிளைக்காலிசிஸில் சைட்டோசாலில் உண்டான 2 என்ஏடிஎச் உட்சவ்வைக் கடக்க முடியாது, எலக்ட்ரானை மட்டும் கைமாற்றிவிடும். மாலேட் வழி என்றால் 32 அப்படியே இருக்கும், கிளிசரால் பாஸ்பேட் வழி என்றால் 30. பழைய பாடங்களின் 38-உம் 36-உம் என்ஏடிஎச்சுக்கு 3, எஃப்ஏடிஎச்2-க்கு 2 என்று முழு எண்ணாக வைத்துக்கொண்ட கணக்கு. தேர்வில் கேள்வித்தாள் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது என்று விருப்பங்களைப் பார்த்து முடிவுசெய்யுங்கள், அங்கே சண்டை போட நேரமில்லை.

எட்டாம் படி: உடைத்துப் பாருங்கள்

புரிந்ததா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதலில் நல்ல நிலையில் இருப்பதைப் பாருங்கள். குன்றக்குடி மலைப்படியில் வேகமாக ஏறுகிறீர்கள். தொடைத் தசை ஏடிபியைச் செலவழிக்கிறது, இரண்டு பாஸ்பேட் உள்ள அந்த மூலக்கூறு குவிகிறது, மடை வேகமாக ஓடுகிறது, புரோட்டான் மட்டம் குறைகிறது, எதிர் அழுத்தம் குறைந்ததால் சங்கிலி வேகம் பிடிக்கிறது, ஆக்சிஜன் அதிகம் செலவாகிறது, உங்களுக்கு மூச்சு வாங்குகிறது. ஏடிபி செலவாகாவிட்டால் சங்கிலியும் நிதானமாகிவிடும்.

இப்போது நஞ்சுகள். ரோட்டினோன் காம்ப்ளெக்ஸ் 1-ஐ அடைக்கும், ஆன்டிமைசின் 3-ஐ அடைக்கும். சயனைடு காம்ப்ளெக்ஸ் 4-இன் இரும்போடு பிணைந்துகொள்ளும், எலக்ட்ரானுக்குப் போக இடமில்லை, பின்னால் உள்ள சங்கிலி முழுவதும் நின்றுவிடும், இறைப்பு நின்றால் மட்டம் சரியும், ஏடிபி நிற்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கும், அதைப் பயன்படுத்தத்தான் முடியாது. பச்சை மரவள்ளிக்கிழங்கில் சயனைடை வெளிவிடும் லினமரின் இருப்பதால்தான் தோலுரித்து, நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடச் சொல்கிறார்கள்.

டைநைட்ரோபீனால், சுருக்கமாக டிஎன்பி, வேறு ரகம். அது எதையும் அடைப்பதில்லை, புரோட்டானைச் சுமந்துகொண்டு சவ்வைக் கடந்துவிடும், கரை உடைந்ததற்குச் சமம். சங்கிலி வெறிகொண்டு ஓடும், ஏடிபி வராது, ஆற்றல் அத்தனையும் வெப்பமாகும். 1930-களில் அமெரிக்காவில் இதை எடை குறைக்கும் மாத்திரையாக விற்றார்கள், உடல் சூடேறி ஆட்கள் இறந்ததால் 1938-இல் நிறுத்தப்பட்டது. இன்றும் இணையத்தில் இதை விற்பவர்கள் உண்டு, தொடவே வேண்டாம். இதே கசிவை உடல் கட்டுப்பாட்டோடு செய்வதும் உண்டு: பச்சைக் குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் தெர்மோஜெனின் என்ற புரதம், கலுங்கு மாதிரி, புரோட்டானை மடைக்குப் போகாமல் மேட்ரிக்ஸுக்குள் இறக்கிவிட்டு உடம்பைச் சூடாக வைத்திருக்கிறது.

கடைசியாக மூன்று கேள்வி, விடையைக் கையால் மூடிக்கொண்டு யோசியுங்கள். மைட்டோகாண்ட்ரியாவில் ஆலிகோமைசின் சேர்த்து ஏடிபி சிந்தேஸை அடைத்தால் ஆக்சிஜன் செலவு என்ன ஆகும்? குறையும், ஏனென்றால் மட்டம் ஏறி எதிர் அழுத்தம் சங்கிலியை நிறுத்திப்பிடிக்கும். அதன் மேல் டிஎன்பி சேர்த்தால்? ஆக்சிஜன் செலவு பாய்ந்து ஏறும், ஏடிபி மட்டும் வராது. ஆலிகோமைசினுக்குப் பதில் சயனைடு போட்டிருந்து, அதன் மேல் டிஎன்பி சேர்த்தால்? ஒரு மாற்றமும் இருக்காது, சங்கிலியே கடைசி முனையில் அடைபட்டிருக்கும்போது கரையை உடைத்து என்ன பயன். மூன்றுக்கும் காரணத்தோடு பதில் சொல்ல வந்துவிட்டால், அடுத்து இதே படத்தைப் பசுங்கணிகத்துக்குப் போட்டுப் பாருங்கள், புரோட்டான் எந்தப் பக்கம் சேர்கிறது என்பதில்தான் அங்கே ஆள் ஏமாறுவது.